மோதிர விரல்

அத்தியாயம் பதினொன்று

வாளி இன்றும் காலியாக இருந்தது.

சௌதாமினி அதைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டும் விழவில்லை.

"பாத்தியா மக்கா."

ஸ்மிதா பார்த்தாள். கோர்ட்டுக்குப் போகும் அவசரம். கறுப்புக் கோட்டு கையில் மடிந்து கிடந்தது.

"ஓட்டையாயிருக்கும் அம்மா."

"புது வாளியாக்கும். நீதான் வாங்கித் தந்தே."

"தெருவில கொரச்சிட்டுத் திரியற பட்டி வந்து குடிச்சிருக்கும்."

"ஒரு வாளி வெள்ளத்தையும் குடிக்கிற பட்டி இந்த ஊர்ல எங்க கெடக்கு?"

ஸ்மிதா கோட்டை உதறி மறு கைக்கு மாற்றினாள்.

அந்தியில் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் நிறைத்து வைப்பது சௌதாமினியின் வழக்கம். மகன் அஜீஷ் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டினான். உப்போடு வீட்டுக்குள் ஏறக்கூடாது என்பது அவள் சட்டம். கையும் காலும் கழுவிவிட்டுத்தான் அவன் உள்ளே வருவான்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில், ஆறும் கடலும் சேரும் இடத்தில் பொழி உடைந்தது. நெய்யாறு மணல்திட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. ஆளில்லாத ஒரு படகு இழுபட்டுப் போனது. அதைப் பிடிக்க அஜீஷ் இன்னொரு படகை எடுத்தான். இரண்டு படகும் கிடைத்தன. அவன் கிடைக்கவில்லை.

சௌதாமினி வாளி வைப்பதை நிறுத்தவில்லை. காலையில் அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றுவாள். வாளி எப்போதும் வைத்தபடியே நிறைந்திருக்கும்.

டிசம்பரில் நகரசபைத் தேர்தல் நடந்தது. அதற்கு மறுநாள் முதல் வாளி காலி.

"இன்னைக்குச் சொல்லிடு மக்கா" என்றாள் சௌதாமினி.

"என்னத்த?"

"தம்பி உண்டுன்னு. உள்ளதைச் சொல்லப்பிடாதா?"

"காலி வாளியைக் கோர்ட்டில காட்டவா?"

"நீ கவுன்சிலர். நீ சொன்னா எழுதுவாங்க."

வெளியே கேட் கிறீச்சிட்டது. அம்மாவிடமிருந்து தப்பிக்க அது போதும்.

கேட்டில் அடுத்த தெருப் பாலையன் நின்றிருந்தார். கையில் ஒரு தாள். முதியோர் பென்ஷன் கிடைக்க, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சான்று வேண்டும்.

"ஒரு ஒப்பு வேணும் மக்கா. நான் சீவனோட உண்டுன்னு."

"பாத்தா தெரியாதா மாமா?"

"ஒனக்குத் தெரியும். சர்க்காருக்குத் தெரியாது. நான் கெடந்து மூச்சு விட்டா போதாதாம். நீ சொல்லணுமாம்."

ஸ்மிதா கேட் தூணில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கவுன்சிலராகி இத்தனை நாளில் அவள் அதிகம் போட்டது இந்தக் கையெழுத்துதான். இன்னார் உயிரோடு இருக்கிறார். எனக்கு நேரில் தெரியும்.

பாலையன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போகவில்லை.

"விடியக்காலம் ஒங்க வீட்டுப் பொறவு வழியா ஒரு ஆளு போச்சு. மருமவன் வந்திருக்காரா?"

"அவரு துபாய்ல இல்லியா மாமா."

"அப்ப வேற ஆளாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

*

காரை நிபின் ஓட்டினான். கட்சியின் வார்டு செயலாளர். நிறையப் பேசுவான்.

"சேச்சி, ராத்திரி ஜில்லா ஆபீஸ்லேருந்து விளிச்சாங்க. ஒங்க சீட்டு போச்சுன்னா சபையில நமக்கு பூரிபட்சம் இல்ல, ஒரு ஆளு கொறயும். சேர்மன் எறங்கணும். அவரு ஒறங்கல்லியாம்."

"நான் ஒறங்கினேன்னு யாரு சொன்னா?"

"ஒரு வார்த்தை போதும் சேச்சி. எடையில ஒரு நாள் அஜீஷ் அண்ணன் போன் பண்ணிச்சுன்னு சொல்லுங்க. எங்கயோ கெடக்குது. அவ்வளவுதான்."

"நம்பர் கேட்டா?"

"கடல்ல ஏது நம்பர்?"

அவனே சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான்.

வழக்கு எளிது. ஸ்மிதா ஒரு ஓட்டில் ஜெயித்தாள். வாக்காளர் பட்டியலில் அஜீஷின் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் ஒரு ஓட்டு பதிவாகியிருந்தது. தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார். செத்தவன் பெயரில் விழுந்தது கள்ள ஓட்டு. வித்தியாசமே ஒரு ஓட்டு என்னும்போது தேர்தல் ரத்தாகவேண்டும் என்றார்.

அஜீஷ் செத்தவன் என்று எழுதி வாங்கியது ஸ்மிதாதான். ஏழு வருடம் தகவல் இல்லாத ஆளை இறந்தவராகக் கொள்ளலாம் என்று வாதாடித் தீர்ப்பு வாங்கினாள். தம்பி மனைவி பிஜிக்காகச் செய்தாள். தீர்ப்புக்குப் பிறகு பிஜி ஷைஜுவைக் கட்டிக்கொண்டு செங்கல் என்ற ஊருக்குக் குடிபோனாள். இப்போது அவளுக்கு ஏழு மாதம்.

ரேஷன் கார்டில் அஜீஷின் பெயரை வெட்டியாயிற்று. நிலவரி ரசீதில் வெட்டியாயிற்று. வாக்காளர் பட்டியலில் மட்டும் வெட்டவில்லை. ஒரு எடத்திலயாவது அவன் இருக்கட்டு என்று சௌதாமினி அழுதாள். வக்கீலாக இருந்தும் ஸ்மிதா சரி என்றாள்.

அதன் பலன் இது. அஜீஷ் செத்திருந்தால் ஓட்டு பொய். பதவி போகும். அவன் உயிரோடு இருந்தால் ஓட்டு செல்லும். பதவி நிலைக்கும். பிஜியின் இரண்டாம் கல்யாணம் செல்லாது.

சென்ற வாரம் பிஜி கூண்டில் ஏறினாள். மரிச்சுப் போச்சு என்றாள். சொல்லும்போது வயிற்றில் கை வைத்திருந்தாள்.

"நிபினே, ஒண்ணு கேட்பேன். உள்ளதைச் சொல்லணும்."

"கேளுங்க சேச்சி."

"அந்த ஓட்டு நீ போட்டதா?"

கார் கொஞ்சம் தடுமாறியது.

"என் பிள்ளையாண சத்தியமா இல்ல."

"வேற பசங்க?"

"கேட்டாச்சு சேச்சி. ஒருத்தனும் இல்ல. செய்திருந்தா எவனாவது பெருமை அடிச்சிருப்பான். எல்லாவனும் பயந்து கெடக்கான். அதாக்கும் எனக்கும் பயம்."

கியரை மாற்றினான். பிறகு சொன்னான்.

"மூணாவது தடவையிலதான் ஜெயிச்சீங்க. முதல் தடவை நறுக்கில போச்சு. எனக்கு அப்ப ஓட்டு இல்ல."

ஸ்மிதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

முதல் தேர்தலில் இருவருக்கும் சமமான ஓட்டு. நறுக்குப் போட்டார்கள். சுருட்டிய துண்டுகளில் ஒன்றை எடுத்தபோது மற்றவர் பெயர் வந்தது. அன்று அஜீஷ் பூவாரிலிருந்து வரத் தாமதம். பயணிகளைக் கரையில் இறக்கிவிட்டு ஓடி வந்தான். பள்ளிக்கூட கேட்டை அடைத்துவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஓட்டு ஒன்று விழுந்திருந்தால் நறுக்கு தேவைப்பட்டிருக்காது.

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அக்கா, இனி ஒரு தடவை என் ஓட்டு முடங்காது என்றான். பல முறை சொன்னான்.

அடுத்த தேர்தலுக்கு அவன் இல்லை.

*

கோர்ட்டில் கூட்டம் இருந்தது. செத்தவன் ஓட்டு என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஸ்மிதா நுழைந்தபோது வராந்தாவில் யாரோ சொல்வது கேட்டது.

"களியக்காவிளையில ஒண்ணும் இஞ்ச ஒண்ணுமா ரெண்டு ஓட்டு உள்ளவனைக் கண்டிருக்கேன். செத்தும் ஓட்டு உள்ளவனை இப்பதான் காணுது."

"செத்தவனுக்காவது நன்றி உண்டுலே."

அவள் நின்று பார்க்கவில்லை.

தன் வழக்கைத் தானே நடத்தினாள். எதிர்த்தரப்புக்கு யோசுவா வக்கீல். தடித்த மனிதர். மெதுவாகப் பேசுவார். காலையில் அவர் அழைத்த சாட்சி பிரேமகுமாரி டீச்சர். பாறசாலைப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை. தேர்தலன்று வாக்குச்சாவடியில் விரலுக்கு மை வைத்தவர்.

"அஜீஷ் என்ற பெயரில் ஒரு ஆள் வந்தாரா?" என்று யோசுவா கேட்டார்.

"வந்தாரு."

"எப்போது?"

"உச்சைக்கு. ரெண்டு கட்சி ஏஜெண்டுமாரும் பொதிச்சோறு திங்கப் போயிருந்தினும்."

"அத்தனை பேரில் அவரை மட்டும் எப்படி நினைவு?"

"நனைஞ்சிருந்தாரு சார்."

"மழையா?"

"இல்ல. நல்ல வெயிலு."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. இளம் வயதுப் பெண். எல்லாவற்றையும் தன் கையால் எழுதுவார்.

"அடையாள அட்டை காட்டினாரா?" யோசுவா தொடர்ந்தார்.

"காட்டினாரு. அதும் நனைஞ்சு, படம் கலங்கிக் கெடந்தது. பேரு மட்டும் தெரிஞ்சுது. பக்கத்து ஆபீசர் பேரைப் படிச்சாரு. நான் மை வெச்சேன். விரல்ல ஈரம். மை பிடிக்கல்ல. துணியால தொடச்சிட்டு ரெண்டாமதும் வெச்சேன்."

யோசுவா நீதிபதியின் பக்கம் திரும்பினார்.

"கலங்கிய படத்தை வைத்து யாரும் யார் பெயரிலும் ஓட்டுப் போடலாம். இதைத்தான் நான் சொல்ல வந்தேன்."

உட்கார்ந்தார்.

ஸ்மிதா எழுந்தாள். டீச்சரின் நினைவை நம்பமுடியாது என்று காட்டவேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

"அன்றைக்கு நிறையப் பேருக்கு மை வைத்திருப்பீர்கள்."

"காலைலேருந்து சாயங்காலம் வரை."

"எல்லாருடைய விரலும் நினைவிருக்கிறதா?"

"அது எப்படி?"

"இந்த ஆளின் விரல் மட்டும் நினைவிருக்கிறது."

"உண்டு."

"எந்த விரலில் வைத்தீர்கள்?"

"மோதிர விரல்ல."

மறுபடி சிரிப்பு. யோசுவா தன் ஜூனியரின் பக்கம் குனிந்தார். "டீச்சருக்கு ஆளைச் சுட்டிக் காட்டுற சூண்டு விரல் எதுன்னு தெரியாது போல" என்று முணுமுணுத்தார். முன்வரிசைக்கும் கேட்டது.

டீச்சர் சிரிக்கவில்லை. ஸ்மிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்.

ஏன்?

அந்த ஒரு சொல் நாக்கில் வந்து நின்றது.

அஜீஷின் இடது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. படகுத் துறையில் கயிறு சுற்றி அடியோடு போயிற்று. பொழி உடைவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அது நடந்தது. கட்டு அவிழ்க்கவில்லை. அந்தக் கட்டோடுதான் கடைசியாகப் படகெடுத்தான். கட்டுக்குள் என்ன இருந்தது என்று வீட்டில் மூன்று பெண்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

சுட்டுவிரல் இல்லாதவருக்கு இருக்கிற விரலில் மை வைப்பார்கள்.

கடைசி பெஞ்சில் பிஜி எழுந்து நின்றாள். இன்று அவள் வரவேண்டிய தேவை இல்லை. வந்திருந்தாள். பெஞ்சைப் பிடித்தபடி வெளியே போனாள்.

"அவ்வளவுதானா?" என்றார் நீதிபதி.

"அவ்வளவுதான்."

மை தவறான விரலில் வைக்கப்பட்டது என்பது யோசுவாவுக்குச் சாதகம். அவரும் கேட்கவில்லை. நீதிபதி எழுதி முடித்தார்.

*

மத்தியான இடைவேளையில் டீச்சர் வராந்தாவின் கோடியில் நின்று டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். ஸ்மிதாவைக் கண்டதும் மூடினார்.

"வக்கீலே, நீங்க ஏன்னு கேக்கல்ல."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன். ரெண்டு விரலு இல்லாத்த ஆளுக்கு நான் பின்ன எங்க வெப்பேன்? எனக்கு சூண்டு விரல் தெரியாதுன்னு அந்தத் தடியன் சொல்லுறான்."

"மோதிரம் கெடந்துதா டீச்சர்?"

"கெடந்துது. லூசா சுத்திட்டிருந்துது. மேல தள்ளிட்டு வெச்சேன்." டீச்சர் தன் விரல்களைப் பார்த்தார். "கை நல்ல தணுப்பு. ஐஸ்ல வெச்ச மீனைத் தொடுற மாதிரி. பிள்ளையளுக்குக் காய்ச்சல் பாத்துப் பாத்து எனக்குக் கை சூடு தெரியும். அப்பிடி ஒரு தணுப்பு நான் கண்டதில்ல."

"ஏதாவது பேசினானா?"

"ஒண்ணு பேசினாரு. சிரிப்பு வந்துது எனக்கு."

"என்ன?"

"'கேட் அடைக்கல்ல இல்லியா டீச்சரே'ன்னு கேட்டாரு. நட்ட உச்சைக்கு ஆரு கேட்டை அடைக்கும்?"

ஸ்மிதா கோர்ட் வாசல் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"வக்கீலே, சாப்பிட்டீங்களா? மொகம் வெளுத்துப் போச்சே."

"சாப்பிட்டேன் டீச்சர்."

"மறுபடி கூட்டில ஏத்திக் கேட்டா நான் சொல்லுவேன். கேக்காட்டி சொல்லமாட்டேன். எனக்குக் கோர்ட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பிஜி கோர்ட்டின் பின்புறப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கால்களை நீட்டியிருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. ஸ்மிதா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேட்டேன் மைனி" என்றாள் பிஜி.

"எத?"

"மோதிர வெரல."

"டீச்சருக்குத் தப்பியிருக்கலாம்."

"நீங்க வக்கீலு. எங்கிட்ட எதுக்கு வாதாடுறீங்க?"

பிஜி சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"ஏழு வருசம் நான் கடலைப் பாத்துட்டு இருந்தேன். பொழியூர்ல ஒரு உடலு ஒதுங்கிச்சுன்னா ஓடுவேன். பூவார்ல ஒதுங்கிச்சுன்னா ஓடுவேன். சட்டையைப் பாப்பேன், கையைப் பாப்பேன். அப்ப எனக்கு வரல்ல. ஒங்களுக்கு ஓட்டுப் போட வந்துதாக்கும்."

"பிஜி."

"நல்ல மனுசன். அக்காக்குச் சொன்ன வாக்கு மாறல்ல. எனக்கும் ஒரு வாக்கு தந்துது. பந்தல்ல நின்னு. அது மறந்து போச்சு."

கேட் அடைக்கவில்லையே என்று அவன் கேட்டதைச் சொல்லவேண்டும் என்று ஸ்மிதா நினைத்தாள். சொல்லவில்லை.

"நீ என்ன செய்யச் சொல்லுறே?"

"நான் என்ன சொல்ல? நான் சொல்லவேண்டியத போன வாரம் சொல்லியாச்சு." பிஜி வயிற்றில் கை வைத்தாள். "ஷைஜு மோசமில்ல மைனி. ஆனா பயப்படும். ஆளு உண்டுன்னு அறிஞ்சா அந்த வீட்டில ஒரு ராத்திரி ஒறங்காது. எறங்கிப் போவும். இதுக்கு அப்பன் இருக்காது."

குழந்தை உள்ளே அசைந்திருக்கவேண்டும். அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"அஜீஷ் உண்டா மைனி? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"தெரியல்ல."

"நானும் அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன். ஒன்பது வருசமா."

மணி அடித்தது. ஸ்மிதா எழுந்து கோட்டைச் சரிசெய்தாள். பிஜி கை நீட்டினாள். ஸ்மிதா அவளைத் தூக்கிவிட்டாள்.

*

சாயங்காலத்துக்கு முன் ஸ்மிதா கூண்டில் ஏறினாள்.

இருபது வருடமாக அந்தக் கூண்டில் நின்றவர்களை அவள் கேள்வி கேட்டிருக்கிறாள். பொய் சொல்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அவளுக்கு அது தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே நிபின் நின்று தலையாட்டினான். ஸ்டியரிங்கைப் பிடித்த அவன் கைகளை மத்தியானத்துக்குப் பிறகு ஒரு முறை நினைத்துப் பார்த்திருந்தாள். பத்து விரல் உள்ள கை.

யோசுவா மேசையில் ஒரு கட்டு காகிதம் வைத்திருந்தார். நீண்ட விசாரணைக்குத் தயாராக வந்திருந்தார்.

"உங்கள் தம்பி அஜீஷ் இறந்துவிட்டதாகத் தீர்ப்பு வாங்கியது நீங்கள்தானே?"

"நான்தான்."

"அன்று அதை நம்பினீர்களா?"

"நம்பினேன்."

"இன்று?"

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சொல் போதும். டீச்சரை மறுபடி அழைக்கவேண்டும் என்று கேட்கலாம். விரலைச் சொல்லலாம். மோதிரத்தைச் சொல்லலாம். தம்பி வந்து தந்த ஓட்டு செல்லும். மூன்று தேர்தலாக அவள் விரும்பிய நாற்காலி நிலைக்கும். அம்மா கேட்டதும் அதுதான். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பிஜி கடைசி பெஞ்சில் இருந்தாள். அவளைத் தாண்டி, கதவோரம் இருட்டான மூலையில் இன்னும் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முகம் தெரியவில்லை.

"இன்றும் நம்புகிறேன்" என்றாள் ஸ்மிதா. "என் தம்பி இறந்துவிட்டான்."

யோசுவா கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் அவர் பெயரில் விழுந்த ஓட்டு?"

"அவன் போட்டதல்ல."

"வேறு யாரோ போட்டது?"

"ஆமாம்."

யோசுவாவுக்கு அடுத்த கேள்வி இல்லை. அவர் வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரம் முடிந்த குறுக்கு விசாரணை இருந்திருக்காது. நீதிபதி பேனாவை நிறுத்தினார்.

"நீங்கள் சொல்வதன் பலன் என்னவென்று தெரியும்தானே, வக்கீலே?"

"தெரியும்."

நீதிபதி எழுதினார். வெளியே நிபின் ஜன்னலை விட்டு விலகினான்.

ஸ்மிதா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் கம்பியில் இருந்தன.

கோர்ட் கலைந்தது. அவள் வெளியே வரும்போது பியூன் கடைசி பெஞ்சருகே துடைப்பமும் துணியுமாக நின்று திட்டிக்கொண்டிருந்தார்.

"ஆருலே இஞ்ச வெள்ளம் கொட்டினது? இருந்து நியாயம் கேக்க வாறானா குளிக்க வாறானா?"

பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு ஈரம் இருந்தது.

*

நிபின் திரும்பும் வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டு முனையில் இறக்கிவிட்டான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

"சேச்சி, சேர்மன்கிட்ட என்ன சொல்ல?"

"ஒறங்கச் சொல்லு."

அவன் ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

வெயில் தாழ்ந்திருந்தது. சௌதாமினி கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளி பாதி நிறைந்திருந்தது. மகள் வருவதைக் கண்டும் கை நிற்கவில்லை.

"என்ன சொன்னே?"

"மரிச்சான்னு சொன்னேன்."

சௌதாமினி கயிற்றை விடவில்லை. திட்டுவாள் என்று ஸ்மிதா எதிர்பார்த்தாள். அழுவாள் என்றும்.

"மெள்ளப் பேசு" என்றாள் சௌதாமினி. "அவன் கேப்பான்."

வாளியை நிறைத்தாள். விளிம்பு வரை. துணிதுவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டு விளக்கேற்ற உள்ளே போனாள்.

ஸ்மிதா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முகம் கழுவினாள். அடுக்களையில் ஒரு வாய் சாயா குடித்தாள். தம்ளரைக் கழுவப் பின்வாசலுக்கு வந்தாள்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. வாழை இலைகள் அசையவில்லை.

வாளியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

துவைக்கும் கல் நனைந்திருந்தது. கல்லடியில் மண் நனைந்திருந்தது. அவள் போய் வாளிக்குள் பார்த்தாள். அடியில் ஏதோ மினுங்கியது.

கையை விட்டு எடுத்தாள். தண்ணீர் அவள் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது.

மோதிரம். தேய்ந்து மெலிந்திருந்தது. உட்புறத்தில் மலையாள எழுத்தில் ஒரு பெயர். கல்யாணத்துக்கு நகைக்கடையில் வெட்டிக் கொடுத்தது. அவள்தான் கூடப் போயிருந்தாள்.

பிஜி.

நிமிர்ந்தாள். மண்ணில் ஈரமான கால்தடம் இருந்தது. வெறுங்கால். கிணற்றடியில் தொடங்கி வாழைகளுக்கிடையே வேலியை நோக்கிப் போயிற்று. திரும்பத் திரும்பப் பார்த்தாள். வந்த தடம் இல்லை. போன தடம் மட்டும்.

"அஜீஷே."

சத்தமாகக் கூப்பிடவில்லை. பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

வேலிக்கு அப்பால் ரோட்டில் ஒரு பைக் போனது. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

ஓடினால் பிடித்துவிடலாம். வேலியைத் தாண்டினால் ரோடு. ரோட்டைத் தாண்டினால் ஆறு. தடம் இன்னும் காயவில்லை.

உள்ளே சௌதாமினியின் காலடி கேட்டது.

ஸ்மிதா வாளியைத் தூக்கினாள். தடத்தின் மேல் சரித்தாள். மிச்சத் தண்ணீர் முழுவதையும் மெதுவாக, வேலி வரை நடந்துகொண்டே ஊற்றினாள். மண் குழைந்தது. குதிகால் போயிற்று, விரல்கள் போயின. கடைசித் தடத்தைத் தன் காலால் தேய்த்தாள்.

"ஆரு அங்க?" சௌதாமினி பின்வாசலில் நின்றாள்.

"ஆருமில்ல அம்மா. வாழைக்கு ஊத்தினேன்."

சௌதாமினி படியிறங்கி வந்தாள். நனைந்த மண்ணைப் பார்த்தாள். மகளின் சேறு படிந்த காலைப் பார்த்தாள். வாளியை அவள் கையிலிருந்து வாங்கினாள். கிணற்றடிக்குப் போய்க் கயிற்றை மறுபடி இறக்கினாள்.

ஸ்மிதாவின் இடது கை மூடியிருந்தது. மோதிரம் உள்ளங்கையில் இன்னும் சூடேறவில்லை.

அடுக்களைத் திண்டில் போன் அடித்தது. போய்ப் பார்த்தாள்.

திரையில், மோதிரத்தில் வெட்டியிருந்த அதே பெயர்.